எழுபத்தொன்பது நிமிடம்

காலையில் பல் துலக்கி முடித்ததும் ஊர்க்காவலன் செய்கிற முதல் வேலை வயிறெரிவது. அதற்கு ஒரு போன் போதும். ‘விருதுநகர் துப்பறியும் நிபுணர்’ என்று தட்டுவார். விருதுநகரில் அந்தத் தொழிலைச் செய்கிற ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் முதலில் வந்து நிற்பது மதுரைக்காரன் தருண்குமார். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கட்டிய கை, ஐந்து நட்சத்திரம். ஊர்க்காவலனைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாம் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அங்கே ஒரு புரோட்டாக் கடைக்கும் போர்வெல் கம்பெனிக்கும் நடுவில் மனுஷன் ஒடுங்கிக் கிடப்பார்.

“இன்னைக்காவது ரெண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கீகளா அண்ணாச்சி?” என்று கேட்டபடி வீரலட்சுமி ஆபீசுக்குள் நுழைந்தாள். அவருடைய உதவியாளர். ஆறு வருஷமாகச் சம்பளம் முன்னே பின்னே வந்தாலும் கிண்டலை மட்டும் தவணை தவறாமல் கொடுத்து வருகிறவள்.

“நான் மணி பாத்தேன்.”

“மணி பாத்தா மூஞ்சி இப்படிக் கருகாது அண்ணாச்சி. விடுங்க, அந்தாளு போட்டோல மட்டும்தான் அழகு.”

அது சற்று ஆறுதலாக இருந்தது. ஆறுதல் பத்தரை மணி வரைக்கும் நீடித்தது. அப்போதுதான் அந்தப் பெண் படியேறி வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கையில் கனத்த ஃபைல். பெயர் ஓவியா என்றாள். ஊர் தாயில்பட்டி, வேலை சிவகாசியில் ‘இரட்டைமயில் காலண்டர்ஸ்’ கம்பெனியில். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

“என்ன வேலைம்மா அங்கன?”

“வெப்சைட்ட கூகிள்ல மேல கொண்டு வர்ற வேலை சார். ஒருநாள்ல முடியிறது இல்ல. ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுறாகன்னு தினமும் பாக்கணும். அதுக்குத் தக்கன பக்கம் எழுதணும், படத்துக்குப் பேரு வைக்கணும். முருகன் காலண்டர் மொத்த வெலை என்னன்னு ஒருத்தரு தேடுனா நாங்க மொதல்ல வந்து நிக்கணும். வாசல்ல கோலம் போடுற மாதிரிதான் சார். நேத்து போட்டது இன்னைக்கு இருக்காது.”

“நின்னீகளா?”

“ரெண்டு வருஷமா மொத ஆளா நின்னோம்.”

ஊர்க்காவலனுக்கு நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றது. யாரோ ஒரு காலண்டர் கம்பெனி முதலில் நின்றது கூட அவருக்குப் பொறுக்கவில்லை என்றால் ஆள் எந்த நிலைமையில் இருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையை ஓவியா சுருக்கமாகச் சொன்னாள். இந்த மாதம் திடீரென்று இரட்டைமயிலின் பக்கங்கள் கூகிளில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முகவரியைத் தட்டினால் வெப்சைட் நன்றாகத் திறக்கிறது. தேடினால் மட்டும் இல்லை. அந்த முதல் இடத்தில் இப்போது நிற்பது ‘ஒற்றைமயில்’. அது முதலாளி முத்துக்கிருஷ்ணனுடைய சொந்தத் தம்பி முனியராஜின் கம்பெனி. ஒன்பது வருஷத்துக்கு முன் பாகம் பிரிந்து, ஒரே கட்டடத்தின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். விஷயம் தெரிந்த அன்றே முதலாளி ஓவியாவின் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார். வெளியூரிலிருந்து ஒரு துப்பறிவாளரை வரவழைத்தார். வந்தவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வெப்சைட்டின் உள்ளே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் ‘தேடுகிறவர்களுக்கு என்னைக் காட்டாதே’ என்று கூகிளுக்குச் சொன்ன மாதிரி. அதை யாரோ போட்டிருக்கிறார்கள். போட்டது ஓவியாவின் பாஸ்வேர்டில். ஆகவே ஓவியா தம்பிக்கு விலை போய்விட்டாள்.

“எந்த ஊரு துப்பறிவாளரு?” என்று கேட்டார் ஊர்க்காவலன்.

“மதுரை சார். தருண்குமார்னு.”

வீரலட்சுமி அவசரமாக மின்விசிறியைப் பார்த்தாள்.

“அப்ப எங்கிட்ட ஏம்மா வந்தே?”

“தேடிப் பாத்தேன் சார். மொதப் பக்கத்துல இருக்கிறவருதான் என்னைத் திருடின்னு எழுதிக் குடுத்தவரு. ரெண்டாம் பக்கத்துல யாரும் போன் எடுக்கல. மூணாம் பக்கத்துல நீங்க இருந்தீக.”

வீரலட்சுமிக்கு இருமல் வந்தது. ஊர்க்காவலன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“சனிக்கிழமை நாப்பது பேரு முன்னாடி வெளிய போகச் சொல்லிட்டாக. இன்னைக்கு நாலரைக்கு மேல ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறாகளாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஆடிப்பெருக்கு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவாக, அம்புட்டு கம்பெனி மொதலாளிமாரும் வருவாக. அங்க எம்பேரச் சொல்லிட்டாகன்னா சிவகாசில எந்தப் பிரஸ்ஸும் என்னைப் படியேத்தாது.” ஓவியா ஃபைலை மடியிலிருந்து மேசைக்கு மாற்றினாள். “எங்கம்மா பதினெட்டு வருஷம் பட்டாசு கம்பெனிக்குப் போனவுக சார். எனக்கு மொத சம்பளம் வந்த மறுநாளே அந்தக் கம்பெனி வேன்ல ஏறுறத நிப்பாட்டுனேன். நேத்து மறுபடி ஏறிட்டாக.”

அவள் அழவில்லை. அதுதான் ஊர்க்காவலனுக்குச் சங்கடமாக இருந்தது. கேஸை எடுத்துக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், அந்தப் பெண்ணுக்காகப் பாதி, மதுரைக்காரன் எழுதியதைப் பொய்யாக்க வேண்டும் என்ற ஆசையில் பாதி.

மதுரைக்காரனின் அறிக்கை நகல் ஓவியாவின் ஃபைலில் இருந்தது, எட்டுப் பக்கமும் இங்கிலீஷ். ஊர்க்காவலன் வரிவரியாகப் படித்தார். எதிரியின் எழுத்தை அவ்வளவு ஆசையாகப் படிக்கிறவர்களை அதிகம் பார்க்க முடியாது. ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது.

“ஆனி மாசத்துச் செவ்வாக்கிழமை. உள்ள நுழைஞ்சது காலையில ஒம்போது பன்னெண்டு. டிக் போட்டது பத்து முப்பத்தொண்ணு. ஒரு டிக் போட எம்புட்டு நேரம் ஆகும்?”

“ரெண்டு செகண்ட் சார்.”

“மிச்சம் எழுபத்தொம்போது நிமிஷம் அந்த ஆளு என்ன பண்ணுனாரு?”

“டீ குடிச்சிருப்பாரு” என்றாள் வீரலட்சுமி.

“அன்னைக்கு நான் அம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன் சார். சொன்னேன். போன்லயே பண்ணியிருக்கலாம்னு அந்த மதுரைக்காரரு சொல்லிட்டாரு.”

“பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“எம்பேருல இருந்தாலும் கம்பெனிக்கே அந்த ஒரு பாஸ்வேர்டுதான். மொதலாளி ரூம் காலண்டர் அட்டைக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கும். உள்ள போற வர்ற யாரும் பாக்கலாம்.”

ஃபைலில் அவள் மாதாமாதம் கொடுத்த அறிக்கைகளும் இருந்தன. வைகாசி அறிக்கையில் ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. சிவகாசியிலிருந்து ஒரே போன் தினமும் நாற்பது தடவைக்கு மேல் வெப்சைட்டைப் பார்க்கிறது என்பது அந்த வரி.

“கோடு போட்டது யாரு?”

“மொதலாளி. இது தம்பிதான், நம்மள நோட்டம் விடுறான்னு சொன்னாக.”

“உன்னைக் கண்டா ஆகாத ஆளு அங்கன யாரும் உண்டா?”

ஓவியா கொஞ்சம் தயங்கினாள். “அய்யப்பன் அண்ணன்” என்றாள்.

*

அய்யப்பன் சிவகாசியில் கம்பெனிக்கு எதிர்த்த டீக்கடையில் அகப்பட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். காலடியில் ஒரு தோல் பை, அதற்குள் கனமான ஆல்பம். காலண்டர் படங்களின் மாதிரிகளை ஒன்றாகத் தைத்த அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. ஓவியாவைத் தெருமுனைக் கடையொன்றில் உட்கார வைத்துவிட்டு இவர்கள் இரண்டு பேரும் மட்டும் வந்திருந்தார்கள்.

“அந்தப் புள்ள மேல உங்களுக்கு எரிச்சலாமே” என்று வீரலட்சுமி நேராகவே இறங்கினாள்.

“எரியுது. இல்லைன்னு சொன்னா பொய்யி” என்றார் அய்யப்பன். “இருபத்தேழு வருஷமா இந்தப் பையத் தூக்குறேன். தோள்பட்டை எறங்கிப்போச்சு பாருங்க. ஒரு ஆர்டருக்கு நாலு தடவை படி ஏறணும். அவ உக்காந்த எடத்துல ரெண்டு வரி எழுதுறா, கோயம்புத்தூர்லருந்து போன் வருது. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்பிட்டா மொதலாளி அவளத்தான் மொதல்ல உக்காரச் சொல்லுவாக. எரியாதா?”

எரியும் என்று ஊர்க்காவலனுக்குத் தெரியும். மனிதர் மேல் திடீர்ப் பாசமே வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு அந்த ஆனி மாதச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டார்.

“அன்னைக்கா? சாத்தூர்ல ரயில் ஏறுனேன். ஒம்போதரைக்கு வீட்ட விட்டுக் கிளம்புறேன், எமகண்டத்துல போகாதீகன்னு எம் பொண்டாட்டி வாசல மறிச்சு நிக்கா. ரயிலு என்ன எமகண்டம் பாத்தா வருது?” போனில் டிக்கெட்டைத் தேடிக் காட்டினார். தேதியும் நேரமும் சரியாக இருந்தன. “எங்க கம்பெனியில நேரம் காலம் பாக்காத ஆளு ரெண்டே பேருதான். நானும் அந்தப் புள்ளயும். மத்தவுக எல்லாம் தாங்க அச்சடிச்சதத் தாங்களே நம்புறவுக.”

டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு சொல்றேன். அவ பண்ணியிருக்க மாட்டா. எனக்கு அவளப் புடிக்காது, அது வேற விஷயம். சாமி படத்துக்கு எழுதுற நாலு வரிய நாப்பது தடவை திருத்துற புள்ள அது. அத அழிக்க அதுக்குக் கை வராது.”

தெருவில் இறங்கியதும் வீரலட்சுமி சொன்னாள். “ஒரு ஆளு போச்சு. எரிச்சல்பட்ட ஆளே இப்படிச் சொல்றாருன்னா மிச்சம் தம்பிதான்.”

*

தம்பி முனியராஜின் பிரஸ் சுவருக்கு அந்தப் பக்கம். பாதி அளவுதான் இருக்கும். முனியராஜ் பனியனோடு உட்கார்ந்து தினசரிக் காலண்டரின் தேதிச் சீட்டுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பட்டன் போன். வீரலட்சுமி அந்தப் போனையே பார்த்தாள். அதில் படம் கூடத் தெரியாது.

“வெப்சைட்டா? அது மருமகன் போட்டுக் குடுத்தது, நாலு வருஷம் ஆச்சு. அவன் சிங்கப்பூர் போயிட்டான். பாஸ்வேர்டும் அவன்கூடயே போயிருச்சு.”

“கூகிள்ல இப்ப நீங்கதான் மொத ஆளு.”

“அப்படியா. அதான் போன் வந்துக்கிட்டே இருக்கா. நான் சீசன்னு நெனச்சேன்.”

“அண்ணன் கம்பெனி வெப்சைட்ட நீங்க பாக்குறது உண்டா?”

“நான் எதுக்குப் பாக்கேன்? அவுக போடுற முருகன் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மை ஊத்துனோம்.” சீட்டுக் கட்டைத் தட்டி நேராக்கினார். “நீங்க அங்கன போவீகளா? அண்ணனுக்குச் சுகர் எறங்கிருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க. ராத்திரி வரைக்கும் இருமுறாக. சுவரு வழியாக் கேக்கும்.”

வெளியே வந்த ஊர்க்காவலன் கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றார். பொறாமை என்பதே இல்லாத மனிதரைப் பார்த்ததில் அவருக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஆளுக்குக் காலையில் எழுந்தால் என்ன வேலை இருக்கும்? பல் துலக்குவார், காபி குடிப்பார். அவ்வளவுதான். தன் காலைகளை ஊர்க்காவலன் நினைத்துப் பார்த்தார். போனை எடுப்பது, மதுரைக்காரனைத் தேடுவது, தன்னைத் தேடுவது, மறுபடி மதுரைக்காரனைத் தேடுவது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?

எண்ணிப் பார்த்தார். முப்பதுக்கு மேல் வந்தது. சிவப்புக் கோடு போட்ட அந்த வைகாசி வரி நினைவுக்கு வந்தது.

“என்ன அண்ணாச்சி, வெயில் ஏறிருச்சா?”

“மணி என்ன?”

“மூணு அஞ்சு. நாலரைக்குள்ள முடிக்கணும்.”

“நாலரை” என்றார் ஊர்க்காவலன். “ஏன் நாலரை? ஸ்டேஷன் காலையிலயும் தெறந்துதான இருந்துச்சு. கோவக்காரரு காலையிலயே போக வேண்டியதுதான?”

வீரலட்சுமி கம்பெனி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.  

*

முத்துக்கிருஷ்ணனின் அறையில் நான்கு சுவரிலும் காலண்டர். நெற்றியில் சந்தனம், மேசையில் டைப் அடித்த புகார், அதன் மேல் மூடி திறக்காத பேனா. ஓவியா கதவோரம் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

“மதுரைக்காரரு வந்து முடிச்சுக் குடுத்த கேஸு இது. மறுபடி நீங்க என்ன பாக்கப் போறீக?”

“பாத்துட்டேன் மொதலாளி. கையெழுத்து மட்டும் பாக்கியா?”

“நாலரைக்குப் போடுவேன். இப்ப ராகு காலம்.”

ஊர்க்காவலன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறாம் பக்கத்தை விரித்து வைத்தார். தருண்குமாரின் கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்ததில் அவருக்குத் தனி சுகம்.

“அந்தச் செவ்வாக்கிழமை ஒரு ஆளு ஒம்போது பன்னெண்டுக்கு வெப்சைட்டுக்குள்ள நுழைஞ்சிருக்காரு. ரெண்டு செகண்ட் வேலை. பத்து முப்பத்தொண்ணு வரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்காரு. செவ்வாக்கிழமை ஒம்போதுலருந்து பத்தரை வரைக்கும் என்ன மொதலாளி?”

“எமகண்டம்” என்றார் முத்துக்கிருஷ்ணன். முப்பது வருஷமாக அச்சடித்தது தானாக வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் அவர் பார்வை பேப்பருக்குப் போனது.

“கெடுக்க வந்தவன் நேரம் பாப்பானா? வந்தமா, டிக்கப் போட்டமான்னு போயிருவான். தனக்கு நல்லது பண்றதா நெனைக்கிறவருதான் எமகண்டம் முடியக் காத்திருப்பாரு. இதே பேப்பர்ல ஓவியா செஞ்ச வேலையும் இருக்கு. முக்காவாசி ராகு காலம், எமகண்டம். அந்தப் புள்ளைக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. அய்யப்பன் அன்னைக்கு எமகண்டத்துலயே ரயிலுக்குக் கிளம்பிட்டாரு. பாஸ்வேர்டு இந்த அட்டைக்குப் பின்னாடி இருக்கு. இந்த ரூமுல, டைப் அடிச்ச புகார்ல கையெழுத்துப் போடக்கூட நாலரைக்குக் காத்திருக்கிற ஆளு யாரு மொதலாளி?”

முத்துக்கிருஷ்ணனின் முகம் சிவந்தது. “என் கடைய நானே மூடுவனாய்யா?”

“மூடணும்னு நீங்க போடல. தம்பி தினமும் நோட்டம் விடுறாருன்னு நெனச்சீக. ஆல்பம் பூஜைக்கு முன்னாடி புது டிசைன் வெப்சைட்டுல ஏறப்போகுது. அவரு கண்ணுல படக்கூடாது. அதுக்கு ஒரு வழி தேடுனீக. இந்தக் கட்டம் கண்ணுல பட்டுச்சு.”

 முத்துக்கிருஷ்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். குரல் இறங்கியது.

“ஏஜென்ட் ஆர்டருக்குக் காலண்டர் அடியில நம்ம பேரு போடாம அடிச்சுக் குடுப்போம். வாங்குறவன் நேரா நம்மகிட்ட வந்துரக் கூடாதுன்னு ஏஜென்ட் கேப்பான். பேரு இல்லாட்டியும் சரக்கு போகும், காசு வரும். இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சேன். வேவு பாக்க வர்றவன் கண்ணுக்கு மட்டும் பேரு தெரியாது, வழக்கமா வர்ற பார்ட்டிக்குத் தெரியும்னு.” ஆறாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். “மதுரைக்காரரு சொன்னது இதத்தானா? அவரு என்னமோ இங்கிலீஷ்ல வேற பேரு சொன்னாரே.”

“இந்த எட்டுப் பக்கத்துல எம்புட்டுப் படிச்சீக?”

“கடைசி வரி.”

கடைசி வரியில் ஓவியாவின் பெயர் மட்டும் இருந்தது.

ஓவியா அப்போதுதான் பேசினாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மொதலாளி.”

“கேட்டா நீ தம்பிக்குச் சொல்லிருவன்னு பயந்தேன்” என்றார் அவர். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். தப்பு தன்னோடது என்று ஆன பிறகும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு தேவைப்பட்டது. “ஆனா அவன் நோட்டம் விட்டது நெசம்தான? தினம் நாப்பது தடவை. அந்த எரிச்சல்ல இருக்கிறவன் எதையும் செய்வான். நான் பயந்ததுல என்ன தப்பு?”

“உங்க போன வச்சு வெப்சைட்டத் தெறங்க” என்றாள் வீரலட்சுமி.

“ராகு காலத்துல நான் அதப் பாக்குறது இல்ல.”

“அது எங்களுக்கும் தெரியும் மொதலாளி. இன்னைக்கு ஒருநாள் பாருங்க.”

லேப்டாப் மேசையிலேயே இருந்தது. ஓவியா அதைத் திறந்து அறிக்கைப் பக்கத்துக்குப் போனாள். வெப்சைட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு நம்பர் கொடுக்கும். நாற்பது தடவை பார்க்கிற போனின் நம்பர் 718 என்று முடியும். முத்துக்கிருஷ்ணன் வேண்டாவெறுப்பாகத் தன் போனில் வெப்சைட்டைத் திறந்தார். திரையில் ஒரு வரி புதிதாக ஏறியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

718.

“ஆறு மாசத்துல இந்தப் போன் ஒரு தடவை கூட ராகு காலத்துல வந்தது கெடையாது” என்றாள் ஓவியா. “இப்பத்தான் மொத தடவை.”

“வைகாசி விசாகத்தன்னைக்கு மட்டும் திருச்செந்தூர்லருந்து முப்பத்தாறு தடவை வந்திருக்கு” என்று வீரலட்சுமி திரையில் விரல் வைத்தாள். “சாமி கும்புட நேரம் கெடச்சுதா மொதலாளி?”

“தினம் நாப்பது தடவை பாத்தது நீங்கதான்” என்றார் ஊர்க்காவலன். “நாம மொதல்ல இருக்கமா, தம்பி எங்க கெடக்கான், நாம இன்னும் மொதல்ல இருக்கமா. தேடித் தேடி உங்க வெப்சைட்டுக்குள்ளயே நீங்க போயிட்டு வந்திருக்கீக. அந்த ஆளுக்குப் பயந்துதான் கதவச் சாத்துனீக.”

இதைச் சொல்லும்போது அவருக்கே காது சூடாகிவிட்டது. வீரலட்சுமி அவரைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது அவள் செய்த பெரிய உபகாரம்.

முத்துக்கிருஷ்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.  சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் யாரையும் பார்க்காமல் ஒன்று கேட்டார்.

“அவன் ஒரு தடவை கூடவா பாக்கல?”

“பாக்கல மொதலாளி. அவருகிட்ட இருக்கிறது பட்டன் போனு. உங்களுக்குச் சுகர் எறங்கிருச்சான்னுதான் கேட்டாரு.”

திருடன் என்று சொல்லியிருந்தால் கூட அந்த மனிதர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. உதடு கோணியது. ஒன்பது வருஷம் ஒருத்தனைப் பார்த்துப் பார்த்து வெந்திருக்கிறார். அந்த ஒருத்தன் இந்தப் பக்கம் திரும்பியது கூட இல்லை. ஊர்க்காவலனுக்கு அந்த வலி நன்றாகப் புரிந்தது. தருண்குமாருக்கு விருதுநகரில் ஊர்க்காவலன் என்று ஒரு ஆள் இருப்பதாவது தெரியுமா? தெரிந்திருக்காது.

ஓவியா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நாலரை ஆகட்டும்மா” என்றார் முத்துக்கிருஷ்ணன், பழக்கத்தில்.

“எனக்கு ராகு காலம் கெடையாது மொதலாளி” என்று டிக்கை எடுத்துவிட்டாள்.

“பழைய எடம் எப்ப வரும்?”

“பக்கங்க ஒண்ணொண்ணாத் திரும்பி வரும். மாசம் ஆகலாம். தினமும் உக்காந்து பாக்கணும்.”

“நீ பாப்பியா?”

ஓவியா லேப்டாப்பை மூடினாள். “நாப்பது பேரு முன்னாடி சொன்னீக” என்றாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. ஓவியாவும் பார்த்தாள். பேனாவை எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டு, புகாரை நான்காகக் கிழித்துவிட்டு, முத்துக்கிருஷ்ணன் எழுந்து மெஷின் ஹாலுக்குப் போனார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். டிக் போட்டது தான்தான், இந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார். சத்தமாகச் சொன்னார். முதலாளி ராகு காலத்தில் ஒரு காரியம் செய்ததை அந்தக் கம்பெனியில் எல்லோரும் அன்றுதான் பார்த்தார்கள். ஹாலின் வாசலில் ஆல்பம் பையோடு நின்ற அய்யப்பன், “அப்ப நாளையிலருந்து மறுபடி அவதான் மொதல்ல உக்காருவா” என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து ஓவியாவின் பக்கம் தள்ளினார்.

அவள் உட்காரவில்லை. “இவுகளுக்குச் சொல்லியாச்சு. எங்கம்மாவுக்கும் நீங்கதான் சொல்லணும் மொதலாளி. பட்டாசு கம்பெனிக்குள்ள போன் கொண்டு போக முடியாது. வேன் அஞ்சரைக்கு ஊருக்கு வரும்.”

*

மெயின் ரோட்டிலிருந்து தாயில்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் முத்துக்கிருஷ்ணனின் கார் நின்றது. நான்கு பேரும் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். நேரம் போகவில்லை. முத்துக்கிருஷ்ணனின் கை தானாகப் பைக்குப் போய்ப் போனை எடுத்தது, கட்டைவிரல் தட்ட ஆரம்பித்தது. ஓவியா பார்த்ததும் உள்ளே போட்டுக்கொண்டார்.

“அண்ணாச்சி” என்று வீரலட்சுமி மெதுவாகக் கூப்பிட்டாள். “உங்க கையில இருக்கிறதயும் உள்ள போடுங்க.”

ஊர்க்காவலன் குனிந்து பார்த்தார். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. திரையில் தருண்குமார் கை கட்டிக்கொண்டு நின்றான்.

ஐந்து முப்பத்தைந்துக்கு வேன் வந்தது. இருளம்மாள் தூக்குவாளியோடு இறங்கினார். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் பட்டாசு மருந்துப் பொடியில் வெள்ளியாக மின்னின. இரண்டே நாள் வேலைக்கு அவ்வளவு ஏறியிருந்தது. முன்பின் தெரியாத மனிதர்களையும் காரையும் பார்த்தவர் முதலில் மகளின் முகத்தைத்தான் பார்த்தார்.

“தப்பு என்னோடதும்மா” என்றார் முத்துக்கிருஷ்ணன். “வெப்சைட்ட மறைச்சது நான்தான். உங்க மக மேல பழியப் போட்டுட்டேன். அது ஒண்ணும் பண்ணல.”

“இத எங்கன வச்சுச் சொன்னீக?”

“கம்பெனியில. எல்லாரு முன்னாடியும்.”

“சரி” என்றார் இருளம்மாள். வேன் டிரைவர் பாண்டி ஹார்ன் அடித்தான். இருளம்மாள் அந்தப் பக்கம் தலையைக் காட்டினார். “நாளைக்கு நான் வர மாட்டேன்னு அந்தத் தம்பிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நோட்டுல எம்பேரு இருக்கும். அடிக்கச் சொல்லுங்க.”

இரட்டைமயில் முதலாளி முத்துக்கிருஷ்ணன், சட்டைப்பையில் மூடி திறக்காத பேனாவோடு, புழுதியில் நடந்து வேனின் ஜன்னலுக்குப் போனார். “இருளம்மா நாளைக்கு வர மாட்டாக” என்றார். பாண்டி நோட்டைத் தேடினான். அவனிடம் பேனா இல்லை. அவர் தன்னுடையதைக் கொடுத்தார். பாண்டி மூடியைத் திறந்து ஒரு கோடு இழுத்தான்.

வேனுக்குள் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி, வெள்ளிக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அவ குடுத்து வச்சவ” என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

இருளம்மாளுக்கு அது கேட்டது. அவர் திரும்பவில்லை. மகளின் கையைப் பிடிக்கப் போனவர், தன் கையில் இருந்த மருந்தைப் பார்த்துவிட்டு, சேலையில் இரண்டு தடவை துடைத்தார். வேன் கிளம்பிப் போகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே நின்றார்.